பக்கத்துக் கட்டில்காரர்களின் கடவுள்

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். அம்மாவுக்கு வேலூரில் ஆபரேஷன், 23 நாள் ஆஸ்பத்திரி வாசம். பக்கத்துக் கட்டிலில் ஆம்பூரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண். அவருக்குத் துணையிருந்த மாமியார், வீட்டிலிருந்து வரும் கஞ்சியில் பாதியைத் தினமும் இவர் அம்மாவுக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறார். தண்ணீரில் ஓதி ஊதியும் தந்திருக்கிறார். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி ஒரு கிறிஸ்தவ நர்ஸ் டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். அம்மா தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். பிள்ளைக்குத்தான் ஏதோ நடந்திருக்கிறது. "பிரதோஷத்துக்குப் போனாலும் மனசு மரத்துப்போன மாதிரி இருக்குங்க ஐயா. பைபிள், குர்ஆன் எல்லாம் படிக்கணும்னு தோணுது. எல்லா மதமும் ஒண்ணுதானே, இதுல என்ன தப்பு? எங்க மாமா 'ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வைக்காதே'ன்னு திட்டுறாரு" என்று எழுதியிருக்கிறார். கடைசியில், அந்தக் கஞ்சி வந்த தூக்கு இன்னும் தங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்று ஒரு வரி.

தப்பே இல்லை, தம்பி. படியுங்கள், போய்ப் பாருங்கள். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒன்றை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. "எல்லா மதமும் ஒண்ணுதானே" என்கிறீர்களே, அதை.

நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். முப்பது வருஷத்துக்கும் மேல் தமிழ் வாத்தியாராக இருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்த ஒரு முஸ்லிம் ஆசிரியரிடம் ஒருநாள், பெருந்தன்மையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "எல்லாம் ஒண்ணுதானே சார்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "ஒண்ணுன்னு சொல்லிட்டா அப்புறம் என்கிட்ட கேக்கறதுக்கு ஒண்ணும் இருக்காதே சார். நான் ஏன் அஞ்சு வேளை தொழுறேன்னு நீங்க இதுவரைக்கும் கேட்டதே இல்லையே" என்றார். பத்து வருஷம் பக்கத்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவர் சொன்னது நிஜம். அவரைத் தெரிந்துகொள்ளும் சிரமத்திலிருந்து தப்பிக்கத்தான் அந்த வாக்கியம் எனக்குப் பயன்பட்டிருக்கிறது.

வேலூர்க் கோட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள், உள்ளே கோயிலும் மசூதியும் சர்ச்சும் இருப்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். பக்கத்தில் இருப்பது வேறு, பழகுவது வேறு. எனக்கு அந்தக் கோட்டை ஞாபகப்படுத்துவது 1806 ஜூலை 10. சிப்பாய்கள் ஏன் கிளர்ந்தார்கள்? நெற்றியில் விபூதியோ நாமமோ கூடாது, தாடியை மழி, கடுக்கனைக் கழற்று, தோல் பொருத்திய புதுத் தலைப்பாகையை வை என்று வெள்ளைக்கார அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். இந்துவுக்கு நெற்றி போயிற்று, முஸ்லிமுக்குத் தாடி போயிற்று. இரு பக்கமும் ரத்தம் ஓடிய நாள் அது, கொண்டாடச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சேர்ந்து நிற்க, நம் மதமெல்லாம் ஒன்று என்று யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியிருக்கவில்லை. உன் நெற்றி உனக்கு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் எனக்கு என் தாடி என்று புரிந்தது. அந்தப் புரிதல் இருந்தால் போதும், படிக்க ஆரம்பிக்கலாம்.

படிக்கும்போது எங்கே கவனிக்க வேண்டும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். பசியையே எடுத்துக்கொள்வோம், உங்கள் கதையும் கஞ்சியில்தானே தொடங்குகிறது.

பைபிளில் மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில், கடைசித் தீர்ப்பு நாளில் ராஜாவாக வரும் கிறிஸ்து சொல்வதாக வருகிறது: "பசியாயிருந்தேன், எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள்." எப்போது கொடுத்தோம் என்று கொடுத்தவர்கள் திகைக்கிறார்கள். மிகவும் சிறியவரான இந்த என் சகோதரரில் ஒருவனுக்கு எதைச் செய்தீர்களோ, அதை எனக்கே செய்தீர்கள் என்பது பதில். 'எனக்கே' என்ற சொல்லில் நின்று படியுங்கள். பசித்தவனைத் தன் உடன்பிறப்பென்கிறார், அவனுக்குச் செய்தது தனக்கே வந்ததாகக் கணக்கு வைக்கிறார்.

முஸ்லிம்களின் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பான ஸஹீஹ் முஸ்லிமில் கிட்டத்தட்ட இதே காட்சி இருக்கிறது. ஆதமின் மகனே, நான் நோயுற்றேன், நீ பார்க்க வரவில்லையே என்று மறுமை நாளில் இறைவன் கேட்பான். நீ அகிலங்களின் இறைவன், உன்னை நான் எப்படி நலம் விசாரிப்பது என்பான் மனிதன். என் அடியான் ஒருவன் நோயுற்றிருந்தானே, அவனைப் பார்க்கப் போயிருந்தால் அவனிடத்தில் என்னைக் கண்டிருப்பாய் என்பான் இறைவன். பசிக்கும் தாகத்துக்கும் இதே கேள்வி தொடர்கிறது. மேலோட்டமாகப் படித்தால் இரண்டும் ஒன்றுதான் என்று மூடி வைத்துவிடலாம். கொஞ்சம் நின்றால் வித்தியாசம் தெரியும். இஸ்லாத்தில் இறைவன் மனிதனாக ஆவதில்லை, அவனுக்கு நோயும் இல்லை, பசியும் இல்லை. அதனால்தான் நோயாளியின் பக்கத்தில் என்னைக் கண்டிருப்பாய் என்கிறான். ஆம்பூர் அம்மா உங்கள் அம்மாவின் கட்டிலோரம் வந்து நின்றபோது எதைத் தேடி வந்தார் என்பது இந்த ஹதீஸைத் தெரிந்தவருக்குத்தான் விளங்கும்.

நம் திருமூலர் வேறு மாதிரி சொல்கிறார். "நடமாடக் கோயில் நம்பர்க்கு ஒன்று ஈயில், படமாடக் கோயில் பகவற்கு அது ஆமே." கோயிலில் இருக்கும் பகவானுக்குப் படைத்தது, நடமாடும் கோயிலான மனிதர்களிடம் போய்ச் சேராது. மனிதர்களுக்குக் கொடுத்தாலோ அது பகவானிடம் போய்ச் சேர்ந்துவிடும். உரைகாரர்கள் பலர் 'நம்பர்' என்பதைச் சிவனடியார் என்று கொள்வார்கள். நான் காலால் நடக்கிற எல்லாரையும் சேர்த்தே படிக்கிறேன். இவருக்கு மனிதன் இறைவனின் சகோதரனும் இல்லை, பக்கத்தில் இறைவன் நிற்கும் அடியானும் இல்லை. அவனே கோயில்.

இனி வந்தவாசி, போளூர், ஆரணிப் பக்கம் போய்ப் பாருங்கள். நம் பழைய வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ச் சமணர்கள் இருக்கிறார்கள், நயினார் என்போம். போளூர்ப் பக்கத்துத் திருமலையில் சமணர்கள் வணங்கும் நேமிநாதர், பாறையில் செதுக்கிய உயரமான சிலையாக நிற்கிறார். அந்த மதத்தில் உலகத்தைப் படைத்த கடவுளே கிடையாது. கொடுத்ததைக் கணக்கில் வைத்துக்கொள்ள மேலே யாரும் இல்லை. ஆனாலும் பூச்சி விழுந்துவிடுமே என்று பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். உயிர் வலிக்கு அஞ்சுகிறது, இரக்கத்துக்கு அந்தக் காரணமே போதும்.

நாலும் ஒன்றா, தம்பி? நிச்சயமாக இல்லை. நாலையும் நாலு பக்கமிருந்து கேட்ட பிறகு, நீங்கள் ஒருவருக்குச் சோறு போடும்போது உங்கள் கை முன்பு போல இருக்காது. எனக்கு இருக்கவில்லை. திருமூலரைச் சின்ன வயசிலிருந்து ஒப்பித்தவன் நான். அந்த ஹதீஸைக் கணக்கு ஆசிரியர் வாயால் கேட்ட பிறகுதான் 'நடமாடக் கோயில்' என்பது எவ்வளவு துணிச்சலான வார்த்தை என்று உறைத்தது.

மனசு மரத்துப்போச்சு என்கிறீர்கள். அந்தச் சொல்லுக்கு வேலூர் மண்ணில் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1946-இல் இங்கே வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் போகின்றன என்று தேடினார். சதை தானாக அழுகி விழுகிறது என்று நம்பிய காலம். அவர் கண்டது வேறு. நரம்பு கெட்டதால் வலி தெரிவதில்லை. சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், ஆணி குத்தினாலும் நடக்கிறார்கள், புண் வைத்து வைத்து உறுப்பு போகிறது. தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி மடங்கிய கைகளை மறுபடி வேலை செய்ய வைத்தார். அந்த வேலை காட்பாடி தாண்டிக் கரிகிரியிலும் நடந்தது. வலி தெரியாமல் போவதுதான் ஆபத்து. உங்களுக்கு வலி தெரிகிறது, அதனால்தான் இதை எழுதியிருக்கிறீர்கள். பிரதோஷக் கூட்டத்தில் நின்று பழக்கத்தில் கும்பிட்டுவிட்டு வருவது இனி போதவில்லை என்று உங்கள் மனசு சொல்கிறது. அந்த 23 நாளில் அது எதையோ பார்த்துவிட்டது. மரத்துப்போன மனசு இப்படிப் பேசாது.

உங்கள் ஊர்க்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். ஐடா ஸ்கடர் பிறந்தது ராணிப்பேட்டையில், 1870-இல். மிஷனரி டாக்டர் குடும்பம். அந்தப் பெண்ணுக்கோ இந்த நாட்டில் இருக்கவே விருப்பமில்லை. திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் கதவைத் தட்டினார்கள், ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து. மூன்று பேர் மனைவியும் பிரசவ வேதனையில். அப்பா டாக்டர், வருகிறேன் என்றார். ஆண் வைத்தியர் தொடக் கூடாது, பெண் வந்தால்தான் ஆகும் என்று மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்த மூன்று ஆண்களின் மூடத்தனத்தைப் பேசுவார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது ஐடா எடுத்த முடிவு. உங்கள் வழக்கத்தை முதலில் மாற்றுங்கள், பிறகு வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அவர்கள் வாசலைத் தாண்டி உள்ளே போக அனுமதியுள்ள டாக்டராகத் தானே மாறினார். அமெரிக்கா போய்ப் படித்து, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி. சிஎம்சி ஆஸ்பத்திரியும் கல்லூரியும் வளர்ந்தது அதிலிருந்துதான். இன்னொருவர் நம்பிக்கையை வாயால் மதிப்பது சுலபம். அதற்குத் தக்கபடி தன் வாழ்க்கையை வளைக்க இரக்கம் வேண்டும்.

மணிமேகலையில் இந்த வரிசை அழகாக இருக்கிறது. வகுப்பில் எத்தனையோ தடவை நடத்திவிட்டு, ஓய்வு பெற்ற பிறகுதான் கவனித்தேன். அளவைவாதி முதல் பூதவாதி வரை ஒவ்வொரு சமயக்கணக்கரிடமும் போய் உன் கொள்கை என்ன என்று மணிமேகலை கேட்பது 27-ஆம் காதையில். அமுதசுரபி அவள் கைக்கு வருவதோ 11-ஆம் காதையில். "உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே" என்ற வரியும் அங்கேதான். முதலில் ஊருக்குச் சோறு, பிறகு சமய விசாரணை. ஒன்றும் தெரியாமல் கொள்கைகளை ஒப்பிட்டுக்கொண்டு அவள் கிளம்பவில்லை, பசித்தவர்களைப் பார்த்த கண்ணோடு போய்க் கேட்டாள். எல்லாரையும் கேட்ட பிறகு எல்லாம் ஒன்றுதான் என்றும் முடிக்கவில்லை. காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் போய்த் தன் வழியில் உறுதியாக நின்றாள்.

உங்கள் மாமாவிடம் வருவோம். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது, அவரை எதிர்த்துப் பேசாதீர்கள். அடுத்த மதத்தைப் படித்தவர்களுக்கு என்ன ஆனது என்று நம் பக்கத்திலேயே பார்க்கலாம். எல்லாருக்கும் ஒன்றே ஆகவில்லை.

சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் சின்ன வயசில் வேலூரில் மிஷன் கல்லூரியில் படித்தவர். கிறிஸ்தவ ஆசிரியர்கள் இந்து மதத்தின் மேல் வைத்த விமர்சனம் அவரை உறுத்தியது. அந்த உறுத்தலில்தான் சொந்த மதத்தை ஆழமாகப் படிக்கத் தொடங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். அடுத்தவர் கேட்ட கேள்வி அவரை வீட்டுக்குள் அனுப்பி வைத்தது. திருப்பத்தூரில் 1921-இல் சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான ஃபாரஸ்டர் பேட்டனும், இருவருமே டாக்டர்கள், கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். பெரியண்ணன், சின்னண்ணன் என்று ஊர் அவர்களை அழைத்தது. கதர் உடுத்தி, மரக்கறி உண்டு, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். கோபுரம் வைத்து நம் கோயில் போலவே ஜெபாலயம் கட்டினார்கள். கிறிஸ்துவை விடவில்லை, ஆனால் அவரைக் கும்பிடும் விதம் இந்த மண்ணுடையதாக ஆனது.

மூன்றாமவருக்கு அவ்வளவு சுலபமாக இல்லை. ஹென்றி லெ சோ, பிரெஞ்சுப் பாதிரியார். 1949-இல் திருவண்ணாமலையில் ரமணரைப் பார்த்தார், பிறகு அண்ணாமலைக் குகைகளில் தங்கித் தவம் செய்தார், அபிஷிக்தானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார். கிறிஸ்துவும் வேண்டும், அத்வைதமும் வேண்டும் என்று வருஷக்கணக்கில் கிடந்து தவித்தார். அந்தத் தவிப்பை டைரியில் ஒளிக்காமல் எழுதி வைத்தார். மாமா சொன்ன ஆறும் சேறும் அவருக்கு நிஜமாகவே காலடியில் இருந்தது. இதை உங்களிடம் மறைப்பது சரியில்லை. ஆழமாகப் போனால் ஒரு கட்டத்தில் வலிக்கலாம்.

வள்ளலார் ஒரே வாழ்க்கையில் இவை எல்லாவற்றையும் பார்த்தவர். "வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அடுத்து வருவது, வீடு வீடாக இரந்தும் பசி தீராமல் அயர்ந்தவரைக் கண்டு உள்ளம் பதைத்தேன் என்பது. 1867-இல் வடலூரில் தருமசாலை வைத்து அடுப்பை மூட்டினார், அது இன்றும் எரிகிறது. ஜீவகாருண்யம்தான் மோட்ச வீட்டின் திறவுகோல் என்றார். சைவத்தின் மேல் தனக்கிருந்த பற்று அளவிட முடியாதது என்று சொன்ன அதே மனிதர் கடைசியில் அந்தப் பற்றையும் தாண்டினார். ஆனால் தாண்டுவதற்கு முன் அதில் முழுக்க நின்றவர் அவர். அதனால் பிரதோஷத்தை விட்டுவிடாதீர்கள். வறட்சியோடே போங்கள்.

செய்ய வேண்டியவற்றில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மூன்று மதத்தை ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். ஒரு வருஷத்துக்கு ஒன்று போதும். உங்களுக்குக் கஞ்சி வந்த திசையிலிருந்தே தொடங்கலாம். குர்ஆனின் 107-ஆம் அத்தியாயம் ஏழே வசனம். அநாதையை விரட்டுகிறவனையும், தொழுதுகொண்டே சின்ன உதவியைக்கூடத் தடுக்கிறவர்களையும் அது கண்டிக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பு எளிதாகக் கிடைக்கும். பைபிள் என்றால் மத்தேயு 5, 6, 7. படிப்பதைத் தனியாகப் படிக்காமல் அதை நம்பி வாழ்கிற ஒருவரோடு படியுங்கள். உங்கள் கம்பெனியில், பக்கத்து டேபிளில், நிச்சயம் ஒருவர் இருப்பார். நீங்க இதை எப்படிப் புரிஞ்சுக்கறீங்க என்று கேளுங்கள், நடுவில் திருக்குறளைச் சொல்லி முந்திக்கொள்ளாதீர்கள். எனக்கு இன்னும் போகாத பழக்கம் அது.

அவர்கள் கும்பிடும் இடத்துக்குப் போனால் விருந்தாளியாகப் போங்கள். சர்ச்சில் நற்கருணை வாங்கப் போகாதீர்கள், அது அவர்கள் சபைக்கு உரியது. பள்ளிவாசலில் எங்கே உட்காரலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சமணர் கோயிலுக்குப் போகும்போது தோல் பெல்ட்டையும் பர்ஸையும் வெளியே வைத்துவிடுங்கள். தோல் வேலையில் சம்பாதிப்பவர் நீங்கள், அந்த ஒரு நிமிஷம் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். அதிலிருந்து ஓடாமல் கொஞ்சம் நின்று பாருங்கள், எந்தப் புத்தகமும் அவ்வளவு கேட்காது.

வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது மறுபடி ஆஸ்பத்திரிப் பக்கம் போங்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து, லாட்ஜில் அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, பாஷை தெரியாமல் சீட்டும் கையுமாக நிற்கிறார்கள். கடைப் பலகைகூட வங்காளியில் இருக்கிறது, ஆனால் ஃபாரத்தை நிரப்பக் கூட ஆள் இல்லை. ஆரோக்கியமான ஆண் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுக்கலாம். அந்த ரத்தம் எந்த மதத்துக்காரர் உடம்பில் ஓடும் என்று உங்களுக்குத் தெரியப்போவதே இல்லை.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் நான் சொல்லிவிடுகிறேன். நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் பக்தியோடு போய்வந்த எத்தனையோ பேர், சொந்த ஊரில் காலனித் தெருவுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை, அங்கே ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அடுத்த மதத்தை மதிப்பது அவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது, அது தூரத்தில் இருக்கிறது. உங்கள் ஊரில் அந்தத் தெரு எங்கே என்று உங்களுக்குத் தெரியும்.

முதல் வேலையாக அந்தத் தூக்கைத் திருப்பிக் கொடுங்கள். நம் வீடுகளில் யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமனே திருப்பித் தர மாட்டோம், அம்மாவுக்குத் தெரியும். அவரால் இப்போது அடுப்படியில் நிற்க முடிந்தால் அவர் கையாலேயே ஏதாவது செய்யச் சொல்லுங்கள், இனிப்பாக இருக்கட்டும். மாமாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆம்பூர் போங்கள். அந்த அம்மா தண்ணீரில் என்ன ஓதி ஊதினார், அதற்கு என்ன அர்த்தம் என்று மாமா முன்னாலேயே கேளுங்கள்.